கடலைச் சுற்றி ஒரு பாதை

வத்தல்மலையில் அந்தக் காலத்தில் சக்கரம் வைத்த எதுவும் ஏறியதில்லை. அந்த மலையில் பிறந்த தீர்த்தன் பாரசீகத்து எல்லை வரைக்கும் கார் ஓட்டிப் போனான் என்றால் தருமபுரியிலேயே பாதிப் பேர் நம்பவில்லை.

வயசுப் பிள்ளையாக இருந்தபோது கடுக்காய் மூட்டையோடு சந்தைக்கு இறங்கியவன், பென்னாகரம் ரோட்டில் ஓடை மணலில் சிக்கிக் கிடந்த ஒரு காரைத் தள்ளிவிட்டான். அந்த ரோட்டில் பாலம் கட்ட வந்திருந்த ஹோல்ம் துரையின் கார் அது. துரை இங்கிலீஷ்காரர் இல்லை; டென்மார்க் என்கிற குளிர் தேசத்துக்காரர். கான்வாஸ் கூரை போட்ட அந்தக் காரை வாங்கிய நாள் முதல் அவரும் துரையம்மாவும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எங்காவது கிளம்பிவிடுவார்கள். தீர்த்தன் அவர்களிடம் காரைத் துடைக்கச் சேர்ந்து, பிறகு ஓட்டவும் கற்றுக்கொண்டான். மலைக்குப் போவது மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆயிற்று. கல்யாணம் ஆகியும் அப்படித்தான். பிள்ளை இல்லாத வீட்டில் பழனியம்மாள் ஒருத்தியாகச் சாமை விதைத்து, ஒருத்தியாக அறுத்தாள்.

முப்பத்தேழாம் வருஷம் பாலத்து வேலை முடிந்தது. துரை புத்தகத் தமிழில்தான் பேசுவார்.

"தீர்த்தா, நாங்கள் ஊருக்குத் திரும்புகிறோம். கப்பலில் இல்லை. இந்தக் காரிலேயே."

"கார்லயா தொரை? குறுக்க கடல் இருக்குதுங்களே?"

"கடலைச் சுற்றி ஒரு பாதை இருக்கிறது. நீயும் வருகிறாயா?"

அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மலை ஏறிப் பழனியம்மாளிடம் சொன்னான். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எப்ப வருவ?"

"தெரியலயே புள்ள. அவங்கள அவங்க வூட்டுல கொண்டுபோய் வுட்டுட்டு, கப்பல்ல வந்துருவேன்."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நீ முன்னாடியே போயிட்ட," என்றாள். கேழ்வரகு மாவும் புளியும் வறுத்த மிளகாயும் கட்டிக் கொடுத்தாள். அடிவாரம் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். அங்கே காத்திருந்த காரை முதல் முறையாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கார்த்திகையில் கிளம்பினார்கள். கிருஷ்ணகிரி, பெங்களூர், பூனா, அதற்கப்பால் தீர்த்தனின் வாயில் நுழையாத ஊர்கள். பாலமில்லாத ஆறுகளில் இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டுக் காரை ஏற்றினார்கள். டெல்லிக் குளிரில் அவன் பல் கிடுகிடுத்தபோது துரையம்மா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். பெண்பிள்ளைச் சட்டையாயிற்றே என்று முதலில் வெட்கப்பட்டவன் அதை லாகூர் தாண்டியும் கழற்றவில்லை. ராத்திரிகளில் கூடாரத்துக்கு வெளியே அவன் களி கிண்டுவான். முதல் நாள் முகம் சுளித்த துரை, சிந்து நதியைத் தாண்டும்போது இரண்டாவது உருண்டை கேட்டார்.

பூகம்பத்தில் இடிந்து, இன்னும் செங்கல் குவியலாகக் கிடந்த குவெட்டாவில் தீர்த்தனின் பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். பம்பாயிலிருந்து வர வேண்டியது வரவில்லை. எல்லையில் கேட்டுப் பார்க்கலாம் என்று துரை கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் மணல்தான். ரோடு எது, மணல் எது என்று தெரியவில்லை. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினார்கள். புதைந்த இடத்தில் ஒட்டகத்தைக் கட்டி இழுத்தார்கள்.

எல்லை என்றதும் கோட்டைச் சுவர் மாதிரி ஒன்றை அவன் எதிர்பார்த்திருந்தான். அங்கே இருந்தது ஒரு மண் கட்டடம், ஒரு கொடிக்கம்பம், பாதைக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை. கட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறும் மணல். ஓர் ஆடு அதைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் முள்ளை மேய்ந்துகொண்டிருந்தது.

பாரசீகத்து அதிகாரி துரையின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். துரையம்மாவுடையதைப் பார்த்தார். பிறகு தீர்த்தனைப் பார்த்து முடியாது என்று தலையாட்டினார். துரை கெஞ்சினார், சத்தம் போட்டார், மறுநாளும் போய்க் கேட்டார். நடக்கவில்லை. கடைசியில் ரயில் செலவுக்குப் பணத்தை அவன் கையில் திணித்து, "நீ இல்லாமல் நான் ஓட்டுவேன், ஆனால் நன்றாக ஓட்ட மாட்டேன்," என்றார். துரையம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பாத்துப் போங்க தொரை. எஞ்சின் சூடாச்சுன்னா நின்னு போங்க," என்றான்.

கட்டை உயர்ந்தது. கார் போயிற்று. தூரத்தில் கறுப்பாக ஒரு குன்று. அதைச் சுற்றித் திரும்பியதும் புழுதி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அதுவும் அடங்கின பிறகும் தீர்த்தன் அங்கேயே நின்றான்.

வாரத்துக்கு ஒன்றாக வரும் ரயிலைப் பிடித்து, ரயில் மாறி ரயில் மாறி, மொரப்பூரில் இறங்கிச் சின்ன ரயிலில் தருமபுரி வந்து சேர்ந்தான். மலையில் எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். கட்டை வரைக்கும் சொல்லி நிறுத்துவான்.

"அப்புறம் என்ன இருக்குது அந்தப் பக்கம்?" என்பார்கள்.

"தெரியலீங்க. ஒரு குன்று இருந்துச்சு."

அந்தக் குன்றுக்குப் பின்னால் என்ன என்பது அவனை அரித்தது. பென்னாகரம் பஸ்ஸுக்கு டிரைவரானான். யுத்தம் வந்து பெட்ரோல் இல்லாமல் போனதும், பின்னால் அடுப்பு கட்டின கரி பஸ்ஸை ஓட்டினான். துரையின் ஊரை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டான் என்று யாரோ சொன்னபோது அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்பத்திரண்டில் பட்டாளத்துக்கு டிரைவர் எடுக்க வந்தார்கள். குவெட்டாவிலிருந்து பாரசீகம் வழியாக ரஷ்யாவுக்கு லாரி போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே தீர்த்தன் கைநாட்டு வைத்துவிட்டான். பழனியம்மாள் சண்டை போடவில்லை. அதுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. பெங்களூரில் பழக்கும்போது, "பாரசீகத்துக்கு அனுப்புங்க சாமி, வழி எனக்குத் தெரியும்," என்று சுபேதாரிடம் போய் நின்றான். அனுப்பியது அசாமுக்கு. நான்கு வருஷம் மழையிலும் சேற்றிலும் ஓட்டினான். அங்கே மணலும் இல்லை, அந்தக் குன்றும் இல்லை.

திரும்பி வந்த மறு வருஷம் சுதந்திரம் வந்தது. லாகூரும் குவெட்டாவும் இனி வேறு தேசம் என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். தான் ஓட்டிப் போன ரோட்டிலேயே பாதி இனித் தனக்கு இல்லை என்பது தீர்த்தனுக்குப் புரிய வெகு நேரம் ஆயிற்று. அன்று மலை ஏறி வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அடுத்த தை மாதம், தருமபுரியில் புளி மண்டி வைத்திருந்த மாரப்பன் ஒரு லாரி வாங்கினார். பூனாவுக்குப் புளி ஏற்றிப் போக ஆள் தேடினார். மலைக்கு வந்த தீர்த்தன் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "வேணாம்னா வுட்டுடுறேன்," என்றான்.

"போறதுன்னா போ மாமா," என்றாள் பழனியம்மாள். "ஆனா நானும் வரேன்."

"லாரியிலயா? பொம்பள எப்படி?"

"தொரையம்மா பொம்பளதான? நீ சொல்லிச் சொல்லி நான் கேட்டுக்கிட்டே கெடக்கறேன். எத்தனை வருசம்?"

மாரப்பன் சிரித்தார். ஆனால் தடுக்கவில்லை. லாரியின் முன் சீட்டில், புளி வாசனைக்கு நடுவே, பழனியம்மாள் கதவைக் கெட்டியாகப் பிடித்தபடி பெங்களூர் வரைக்கும் வாய் திறக்காமல் வந்தாள். துங்கபத்திரைப் பாலத்தில் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்த் தண்ணீரில் கால் நனைத்து வந்தாள். அதற்கப்புறம் கேள்விக்கு முடிவே இல்லை. அது என்ன மரம், இவங்க ஏன் இப்படிப் புடவை கட்டறாங்க, தொரையோட வந்தப்ப இந்த ஊர்ல எங்க தங்கின? தீர்த்தன் ஒவ்வொன்றாகச் சொன்னான். கட்டியவளோடு அவன் அவ்வளவு பேசியது அதுவரை இல்லை.

பூனாவில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது அவனைக் காணோம் என்று தேடிப் போனாள். ஊருக்கு வெளியே, வடக்கே போகிற ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தான். எதிரே ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

"மாமா, இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"எவ்வளவு தூரம் புள்ள?"

"இருட்டற வரைக்கும்."

இரண்டு பேரும் ரோட்டோரமாக வடக்கே நடந்தார்கள்.