வடக்குத் தெருவின் மனு

மூன்றாண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், தாடிக்கொம்பை அடுத்த எங்கள் ஊரில் நடந்தது இது. வடக்குத் தெருக் குழாய்களில் எட்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. தெற்குத் தெருவில் மட்டும் தவறாமல் வந்தது. ஊராட்சித் தலைவியின் வீடு தெற்குத் தெருவில்தான் இருக்கிறது. இதற்குமேல் எனக்கு என்ன சான்று வேண்டும்?

தெருவுக்காக மனு எழுதியவள் நான். ஊர் வழக்கப்படி அதைத் தலைவியின் கணவரிடம் கொடுத்தேன். அலுவலகத்தின் சுழல் நாற்காலியில் அமர்பவர் அவர்; ஊரார் ‘தலைவர்’ என்பதும் அவரைத்தான். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் விடியலில் பூக்கூடையோடு பதிகத்தை முணுமுணுத்தபடி அம்மன் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்தேன். தலைவி தண்ணீர்த் தொட்டியை நோக்கித் தனியே விரைவதைக் கண்டேன். இந்நேரத்தில் அங்கே என்ன வேலை? பதிகம் பாதியில் நின்றது. களவைக் கையோடு பிடிக்கும் ஆவலில் தொட்டியின் தூண் மறைவில் நின்றுகொண்டேன்.

அங்கே தொட்டி ஆபரேட்டர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே, வடக்குத் தெரு வால்வைத் தெறக்கச் சொல்லி நேத்தே சொன்னேன்ல?” என்றார் தலைவி.

“தலைவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் தாயி, தெறந்துர்றேன்.”

“தலைவரே நாந்தாண்ணே.”

அவர் சிரித்தார். “அது பேப்பர்ல. ஓட்டுப் போடாத தெரு கொஞ்சம் காயட்டும்னு அவருல்ல சொல்லியிருக்காரு. நீங்க ஏன் காலங்காத்தால இம்புட்டுத் தூரம் வாரீக? கோயில்ல பாட்டுப் படிக்கிற அம்மாகூட மனுவ அவருகிட்டத்தான குடுத்துச்சு.”

“எந்த மனு?” என்று கேட்டார் தலைவி.

நான் கொடுத்த மனு அந்தச் சட்டைப் பையைத் தாண்டவே இல்லை.

தலைவி சுவரில் சாய்த்திருந்த நீண்ட இரும்புச் சாவியை எடுத்து வால்வில் பொருத்தித் திருகினார். அது அசையவில்லை. ஆபரேட்டர் வாயைக் கொப்பளித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். நான் மறைவிலிருந்து வெளியே வந்தேன்.

“எப்பம்மா வந்தீக?” என்றார் தலைவி.

“உன்னையக் கையுங்களவுமாப் பிடிக்கலாம்னு வந்தேன் தாயி.”

“அதப் பெறகு பிடிக்கலாம்மா. மொதல்ல இந்தச் சாவியப் பிடிங்க.”

பூக்கூடையைத் தரையில் வைத்துவிட்டுப் பிடித்தேன். இருவருமாகத் திருகத் திருக, காலடியில் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் ஓசை கேட்டது.

அன்று பகலிலேயே மனுவை மீண்டும் எழுதி அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். கணவர் நாற்காலியில் அமர்ந்தபடியே கை நீட்டினார். அந்தக் கையைக் கடந்து போய், சுவரோரம் நின்றிருந்த தலைவியிடம் கொடுத்தேன்.

உலகை ஆள்பவள் என்று அம்மையை நாள்தோறும் பாடிய நானே, ஒரு பெண் ஊரை ஆள்வாள் என்பதை நம்பவில்லை; சந்தேகப்படும் குணம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை என்றாலும், அது இப்போது முதலில் என்னைத்தான் விசாரிக்கிறது.