மெத்தென்ற துணி

முப்பது வருடம் துணி தைத்தே பிள்ளைகளைக் கரையேற்றியவள் அவள். அவள் தைத்தது எதுவும் பிரிந்து திரும்பி வந்ததில்லை.

கட்டியோடு கணவரின் கணையத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வெளியே வந்த டாக்டரிடம், "மீதியை எதோட தைச்சீங்க? குடலோடயா, இரைப்பையோடயா?" என்று கேட்டாள்.

"குடலோடம்மா. எதோட தைச்சாலும் கணைய நீர் கசியுற பயம் ஏறக்குறைய ஒண்ணுதான். கணையம் எப்படி இருக்குங்கறதுதான் முக்கியம்."

"எப்படி இருந்துச்சு?"

"வெண்ணெய் மாதிரி மெத்துனு."

அது எப்படிப்பட்டதென்று அவள் கைக்குத் தெரியும். மெத்தென்ற துணியில் நூல் அறாது, ஊசி போன ஓட்டைதான் கிழியும். மூன்றாம் நாள், வயிற்றில் வைத்த குழாயில் வடியும் நீரைச் சோதித்தால்தான் கசிகிறதா என்று தெரியுமாம்.

மறுநாள் கணவர் கண் விழித்தார். "உன்னைவிட நல்லா தைச்சிருக்காராடி?"

"நல்லாத்தான் தைச்சிருக்காரு. அசையாம படுங்க" என்றாள், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.