அக்கா செய்த வயர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாக்கிடோக்கிகள் ஊமையானபோது எனக்கு ஏழு வயது. யுத்தம் வடக்கில்தான் நடந்தது. ஆனாலும் எல்கடுவவிலிருந்து மாத்தளைக்குப் போவதற்கே அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறிய காலம் அது.

வாக்கிடோக்கிகளுக்குப் புதிய அலைவரிசை கொடுத்திருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டர் வழியாக ஏற்ற வேண்டும். அதற்கான வயர் கொழும்பிலிருந்து வருவதாகச் சொல்லி இரண்டு மாதமாகிவிட்டது. மேல்மலையில் கொழுந்து பறிப்பவர்களைக் குளவி கொட்டினால், லொறியைக் கூப்பிட ஆள்தான் ஓடிவர வேண்டும்.

தோட்ட ஆபீசில் வேலை பார்த்த என் அக்கா, பழைய போன் வயர் ஒன்றை வெட்டி, அதன் ஒரு முனையில் கம்ப்யூட்டருக்கான பிளக்கையும், மறுமுனையில் வாக்கிடோக்கிக்கான இரண்டு சின்னப் பிளக்குகளையும் பற்றவைத்தாள். இரண்டும் ஆடாமல் நிற்க என்னுடைய அழிரப்பரைத் துளைத்து அதில் செருகினாள். அதனால் அந்த வயரில் பாதி என்னுடையது என்றே எண்ணிக்கொண்டேன்.

முதலில் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு பக்கத்துப் பேசும் கம்பி மறுபக்கத்துக் கேட்கும் கம்பியோடு சேரும்படி அக்கா இரண்டையும் இடம் மாற்றினாள்.

"ரெண்டு பேருமே பேசிக்கிட்டிருந்தா யாருடி கேக்குறது?" என்று சிரித்தாள்.

அன்று பிற்பகல் மேல்மலையிலிருந்து கங்காணியின் குரல் ஆபீசுக்குள் கரகரத்தது. தோட்ட மேனேஜரான துரையே எழுந்து நின்று கைதட்டினார்.

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்தும், தங்கள் வாக்கிடோக்கிகளைச் சரிசெய்து தரச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் கூடவே போனேன். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் அக்காவின் பையிலிருந்து வயரை எடுத்து, "இது என்ன?" என்று தமிழில் கேட்டான்.

"போன் வயருங்க," என்றாள் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல, வாக்கிடோக்கி வயர்! எங்கக்காவே செஞ்சது!" என்றேன்.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. தகரக் கொட்டகையில் ஓர் அதிகாரி, யார் சொல்லிக்கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தானே யோசித்துச் செய்ததாக அக்கா ஒவ்வொரு முறையும் சொன்னாள். அந்த உண்மையைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. எனக்கோ பசி. சாயங்காலம் தகவல் தெரிந்து துரை ஜீப்பில் வந்து, அவள் தன் ஆபீஸ் பிள்ளை என்று சிங்களத்தில் எடுத்துச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். வயரைத் தரவில்லை.

அக்கா என்னைத் திட்டவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆபீசின் பெரிய கிளாக்கர் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்தார். "இரத்தோட்டைக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, இன்னொன்னு செஞ்சு குடும்மா, ஒனக்குத்தான் தெரியுமே," என்றார்.

"எனக்கு அதெல்லாம் ஒன்னும் தெரியாதுங்க," என்றாள் அக்கா.

அவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரு வாரத்துக்குள் எல்லாம் மறந்துபோய்விட்டதே என்று, அன்று முழுவதும் நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.