நிமிர்ந்து கூட்டுவதற்கு ஒரு மெசின்

என் மனைவிக்கு இழுப்பு வந்த பிறகுதான் வீட்டில் எனக்குத் திட்டு குறைந்தது. மனம் இரங்கிக் குறைக்கவில்லை, மூச்சு போதவில்லை. "உங்களுக்கு" என்று தொடங்கி நிறுத்துவாள். ஒரு மூச்சு இழுத்து, "எத்தன தடவ" என்பாள். இன்னொரு மூச்சு இழுத்து "சொல்றது" என்று முடிப்பதற்குள் நான் அடுத்த அறைக்குப் போயிருப்பேன். தவணை முறையில் திட்டு வாங்குவது சுகமாகத்தான் இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நாளில் அந்த இடைவெளிகள் என்னைப் பயமுறுத்த ஆரம்பித்தன. திட்டு மறந்துபோகும், நடுவில் வரும் அந்த விசில் சத்தம் மட்டும் பள்ளிக்கூடம் வரைக்கும் என்னோடு வரும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களவர், நல்ல பெண். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். பூனை இல்லை, விறகடுப்பு இல்லை. கம்பளம் இருக்கிறதா என்று கேட்டபோது நான் உற்சாகமாகத் தலையாட்டினேன். பழைய பங்களாக் கம்பளம், கம்பளி, ஹோலை முக்கால்வாசி அடைக்கும் என்று அளவெல்லாம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதை முதலில் வெளியே எடுங்கள் என்றார். நான் மனைவி பக்கம் திரும்பி மொழிபெயர்த்தேன்: "காபட்ட சுத்தமா வச்சுக்கணுமாம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கும் சிங்களம்" என்றாள். மூச்சு இழுத்தாள். "வெளங்கும்."

அந்தக் கம்பளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பிடிவாதம் வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். சொன்னாலும் அப்படித்தான் தெரியும், ஆனால் காரணத்தோடு தெரியும். எங்கள் தோட்டத்துப் பெரிய பங்களாவை வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றியபோது பழைய சாமான்களை விற்றார்கள். நான் போய் இந்தக் கம்பளத்தை வாங்கி வந்தேன். என் அம்மா பல வருசம் கூட்டிய கம்பளம் அது. சின்ன வயதில் நான் அந்த பங்களாவின் குசினிக் கதவு வரைக்கும்தான் போகலாம். அங்கிருந்து பார்த்தால் வராந்தா தாண்டி ஒரு சிவப்பு ஓரம் தெரியும். அந்த ஓரம் இப்போது என் வீட்டு ஹோலில் கிடந்தது. இதற்குமேல் ஒரு வரலாற்று ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்.

அதில் ஒருத்தரும் கால் வைக்கவில்லை என்பது வேறு விசயம். வருகிற சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோடு ஒட்டி, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி ஓரமாகவே நடந்து கதிரைக்குப் போனார்கள். "பரவாயில்ல, மிதிங்க" என்று நான் கெஞ்சுவேன். "இருக்கட்டுங்க சேர்" என்பார்கள். கடைசியில் நானும் ஓரமாகவே நடக்கப் பழகிவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நான் ஒரு சமரசத்தை முன்வைத்தேன். கம்பளம் தப்பில்லை, தூசிதான் தப்பு, தூசியை உறிஞ்ச நல்ல வெக்யூம் கிளீனர் ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கும் வெற்றி என்றேன். அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு சொல்லாக நிபந்தனை போட்டாள். "வாங்குங்க. அதுக்கப்புறமும் இழுத்தா" என்று நிறுத்தி, கையால் வாசலைக் காட்டினாள். காட்டியது கம்பளத்துக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் வெக்யூம் கிளீனர் நிபுணன். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஏதோ ஊர்ப் பெண்கள் ஏற்கனவே சுத்தமாக இருக்கிற வீட்டை மறுபடியும் சுத்தம் செய்தார்கள். உறிஞ்சும் சக்தி, வடிகட்டி, வயர் நீளம், தூசிப் பை உள்ளது, பை இல்லாதது என்று எல்லாம் மனப்பாடம். பை உள்ளதுதான் இழுப்புக்காரர்களுக்கு நல்லது, கொட்டும்போது தூசி பறக்காது என்று ஸ்டாஃப் ரூமில் வகுப்பே எடுத்தேன். கணக்கு டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், ஒங்க வீட்ல யாரு கூட்டுறது?" என்றார். அவ்வளவு நாளும் மனைவிதான் என்பதால் நான் மணி அடித்துவிட்டதாகச் சொல்லி எழுந்துபோனேன்.

ஹட்டனில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அவரிடம் போனேன். ரைஸ் குக்கர், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் அவரிடம்தான் வாங்குவோம். அவர் இரண்டு மெசினைத் தூசி தட்டி எடுத்து வைத்தார். தூசி உறிஞ்சும் மெசின்மேலேயே அவ்வளவு தூசி இருந்தது.

"இது படுக்கிற மொடல் சேர். பின்னால நாய்க்குட்டி மாதிரி வரும். இது நிக்கிற மொடல். நாலு பேர் வாங்குனா மூணு பேர் படுக்கிறதத்தான் வாங்குறாங்க."

"படுக்கிறதுக்குக் குனியணுமே நானா."

"கொஞ்சம் குனியத்தான் வேணும்."

அந்த இடத்தில்தான் என்னுள்ளே இருந்த வரலாற்று ஆசிரியன் முழித்துக்கொண்டான். "நானா, எங்க ஆளுங்க இந்த மலைக்கு வந்த நாள்ல இருந்து குனிஞ்சுகிட்டே இருக்காங்க. கூடையச் சொமந்து குனிஞ்சாங்க. பெரட்டுக் களத்துல பேரு கூப்புடறப்ப குனிஞ்சாங்க. தொரையக் கண்டா குனிஞ்சாங்க. சொந்த வீட்டக் கூட்டவும் குனியணுமா?"

இஸ்திரிப்பெட்டி வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டுவார்களோ என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன்.

"பேச்சு நல்லா இருக்கு சேர்" என்றார் நானா. "ஆனா இந்த நிக்கிற மொடல் கட்டிலுக்குக் கீழ போகாது. அங்க கூட்டக் குனியத்தானே வேணும்."

கட்டிலுக்குக் கீழே என்ன கிடந்தால் என்ன என்று நான் நிக்கிற மொடலையே எடுத்தேன். மஸ்கெலியா பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. அதுவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டு வந்தோம். கொண்டக்டர் அதைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, "இவருக்கும் மஸ்கெலியாவா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் பிளக் பொருந்தவில்லை. அதற்கு ஒரு அடாப்டர் வாங்கி வந்து சுவிட்சைப் போட்டதும் அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலை நீட்டினார். கம்பளத்தில் ஒரு கோடு இழுத்தேன். இழுத்த இடம் சிவப்பாகவும் இழுக்காத இடம் மண் நிறமாகவும் இருந்தது. மனைவியை முன்னால் கதிரையில் உட்காரவைத்துக் காட்டினேன். சாட்சி வேண்டும் அல்லவா. அவள் இரண்டு தும்மல் போட்டாள்.

அந்தத் தும்மல்தான் எனக்கு அந்த யோசனையைக் கொடுத்தது. மெசின் தூசியை உறிஞ்சுகிறது, ஆனால் அதன் தூரிகை உறிஞ்சுவதற்கு முன்னால் கொஞ்சத்தைக் கிளப்பியும் விடுகிறது. இதே கம்பளத்தை அம்மா எப்படிக் கூட்டினார்? பங்களாவில் காலைத் தேத்தண்ணி வடித்த சக்கையைப் பிழிந்து, ஈரம் இருக்கும்போதே கம்பளம் முழுக்கத் தூவி, பிறகு விளக்குமாற்றால் கூட்டுவார். ஈரச் சக்கை தூசியைப் பிடித்துக்கொள்ளும், ஒரு துகள்கூட மேலே எழாது. தோட்டத்து பங்களாக்களில் எல்லோரும் அப்படித்தான் கூட்டினார்கள். ஆகவே அம்மாவின் அனுபவத்தையும் நவீன விஞ்ஞானத்தையும் நான் ஒன்று சேர்த்தேன். இந்த உலகத்தில் இதுவரை ஒருவனுக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியிருக்கிறது என்று நினைத்தேன். அது ஏன் ஒருவனுக்கும் தோன்றவில்லை என்று நினைக்கவில்லை.

"மெசின்ல சக்கையப் போடலாம்னு" என்றாள் மனைவி. மூச்சு. "எழுதியிருக்கா?"

நான் கூட வந்த புத்தகத்தைப் புரட்டினேன். தமிழ் இல்லை. படங்கள் மட்டும் விளங்கின. ஒரு படத்தில் தண்ணீர்த் துளி, அதன்மேல் குறுக்காக ஒரு கோடு. மெசினைக் குளிப்பாட்டக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு மூன்று வேளையும் தேத்தண்ணி, சக்கைக்குக் குறைச்சலே இல்லை. தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் தூவினேன், உறிஞ்சினேன். தூசி எழவே இல்லை. மெசின் நின்றபடி உறிஞ்சியது, நான் நின்றபடி தள்ளினேன். ஒரு பெரிய துரையைப்போல ஹோலுக்கு மேலும் கீழும் நடந்தேன்.

இரண்டாவது வாரம் வீட்டில் ஒரு வாசம் வந்தது. "பாத்தியா, தேயில ஃபேக்டரி வாசம்" என்று பெருமைப்பட்டேன். மூன்றாவது வாரம் அது ஃபேக்டரி வாசம் இல்லை, மழைக்காலத்தில் காயாத சாக்கு வாசம். மனைவிக்கு விசில் கூடியது. பேச்சு ஒற்றைச் சொல்லுக்கு வந்துவிட்டது. "சாப்பாடு" என்பாள், அதற்கு மேல் இல்லை. பயத்தில் மனிதன் என்ன செய்வான்? நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை உறிஞ்சினேன். அவளைப் பக்கத்திலேயே உட்காரவைத்து உறிஞ்சினேன், சுத்தமான காற்று கிடைக்கட்டும் என்று. ஒரு சாயங்காலம் டொக்டர் கொடுத்த இழுப்புப் பம்ப்பை வாயில் பிடித்தும் அவளுக்கு மூச்சு இறங்கவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அதற்குள்ளிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வெறுமனே பார்த்தாள்.

மறுநாள் மெசினைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். இந்த முறையும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனோம், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. கடை நிறைய ஆட்கள். நான் குரலை உயர்த்தினேன். ஏமாற்றிவிட்டீர்கள், இது தூசியை எடுக்கவில்லை, தூசியைக் கொடுக்கிறது, என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள், வாரண்டி இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கு மூச்சுக்கு என்ன குறை.

நானா மெசினின் மூடியைத் திறந்து தூசிப் பையை வெளியே எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இழுத்தார். காகிதப் பை கிழிந்து, உள்ளே இருந்தது முழுதாக ஒரு கட்டியாக மேசையில் விழுந்தது. கறுப்பு. அதன்மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் முடி மாதிரி வளர்ந்திருந்தது. வாசம் கடையை நிறைத்தது. நானா இருமினார், நான் இருமினேன், வரிசையில் நின்றவர்களும் இருமினார்கள்.

கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இது தேயிலைதானுங்களே" என்றார்.

நானா என்னைப் பார்த்தார். நான் அந்தக் கட்டியைப் பார்த்தேன். அது எங்கள் வீட்டுக் கோப்பைகளில் இருந்து வந்தது என்று ஒருத்தரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா சக்கையைத் தூவிக் கூட்டி உடனே வாசலுக்கு வெளியே கொட்டினார். நான் அதே ஈரத்தை ஒரு பைக்குள் அடைத்து, நாள் கணக்கில் புளிக்கவைத்து, மோட்டார் போட்டு, என் பெண்சாதியின் முகத்துக்கு நேராக ஊதியிருக்கிறேன். இழுப்புக்கு மருந்து வாங்குகிறேன் என்று இழுப்பையே வாங்கிப் பிளக்கில் செருகியிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பூஞ்சணத்தால் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

"மோட்டாருக்கும் ஈரம் போயிருக்கு சேர்" என்றார் நானா மெதுவாக. "வாரண்டியில எதக் கேட்டாலும் கொடுப்பேன். இதுக்கு என்னான்னு எழுதுறது?"

ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன்.

மெசினோடு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கம்பளத்தைச் சுருட்டினேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு முனையாக வெளியே கொண்டுபோனோம். அவர் வாசல் வரை கம்பளம் கிடந்த இடத்தின் ஓரமாகவே நடந்துவிட்டு, அது சுருட்டப்பட்டது நினைவு வந்து சிரித்தார். மனைவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவோட" என்றாள், மூச்சு இழுத்தாள், "காபட்டாச்சே." அவள் எனக்காக வருத்தப்பட்டதுதான் அன்று பட்டதிலேயே பெரிய அடி. கோயில் கமிட்டிக்காரர்கள் மேடைக்கு விரிக்க என்று அதை எடுத்துப்போனார்கள். திருவிழாவில் ஊர்ப் பிள்ளைகள் அதில் ஏறிக் குதித்து ஆடினார்கள். ஒருத்தரும் ஓரமாக நடக்கவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மெசின் இப்போதும் ஹோல் மூலையில் நிமிர்ந்து நிற்கிறது. நனைந்த குடையை அதில் மாட்டுகிறோம். அதற்கு அந்த வேலை நன்றாக வருகிறது. காலையில் சிமெண்டுத் தரையை நான் விளக்குமாற்றால் கூட்டி, ஈரத் துணியால் துடைக்கிறேன். குனிந்துதான். துரைக்குக் குனிவதும் இதுவும் ஒன்றில்லை என்று ஹட்டன் கடையில் அன்று பேசியவனுக்குச் சொல்லவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிலுக்குக் கீழே பாதி உடம்பை நுழைத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் மேலே கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலையில அப்புடியே கெடக்கு பாருங்க, கண்ணு எங்க வச்சிருக்கீங்க, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனுசனுக்கு ஒரு மூலையக் கூட்டத் தெரியல, கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து நானும் பாக்குறேன், நடுவுல மட்டும் கூட்டிட்டு எந்திரிச்சிர்றது, எல்லா வேலையும் இப்புடித்தான் செய்யிறீங்க."

நான் விளக்குமாற்றை நிறுத்தினேன். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் அவள் எங்கேயும் நிற்கவில்லை. விசில் இல்லை. கட்டிலுக்குக் கீழே இருட்டில் படுத்தபடி இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்போல இருந்தது.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன். "சரியா கேக்கல, திரும்பச் சொல்லு."

அவள் திரும்பச் சொன்னாள். இந்த முறை இன்னும் நீளமாக.