ரொம்மனில் அம்மா அழுத ஞாயிறு

இன்று அலுவலகப் படிகளைக் கழுவியிருந்த பச்சைச் சவர்க்காரத்தின் வாசனையில், நோர்வேயில் ரொம்மன் என்ற இடத்தில் நாங்கள் இருந்த, இப்போது இடித்துவிட்ட மாடிக்கட்டடம் ஞாபகம் வந்தது. அங்கே வாரத்துக்கு ஒரு வீடாக முறைவைத்துப் படி கழுவுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்காது. "மெல்லக் கதையுங்கோ, கீழை ஆக்கள் இருக்கினம்" என்று அம்மா ஓயாமல் சொல்லுவதால் நானும் தங்கச்சியும் வீட்டுக்குள் பூனைபோல நடப்போம்.

அப்போது எனக்குப் பத்து வயது. வன்னியில் சண்டை முடிகிற நாட்களில், ஒரு ஞாயிறு மத்தியானம், அம்மாவின் தம்பி செல்லடியில் செத்துப்போனார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அம்மா வாய்விட்டுக் குழறினா. கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. ஆறு வருடமாக எங்களுக்கு 'ஹாய்' மட்டும் சொல்லிவந்த கீழ்வீட்டு நோர்வேக்காரர் நின்றார்.

"சத்தத்துக்கு மன்னிக்கச் சொல்லு பிள்ளை," என்றா அம்மா விம்மலோடு.

நான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன்; மாமா செத்ததையும் சொன்னேன்.

"அம்மாவை அழ விடு," என்றார் அவர்.

பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்மாவுக்கு எதிரே கதிரையில் இருந்தார். அம்மா அழுது களைக்கும்வரை அவர் எழும்பவில்லை.