கெராப்பு பிடிக்கப் போன மலைக்காரர்கள்

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம் அடி மேலே உட்கார்ந்துகொண்டு ஆழ்கடல் தூண்டிலுக்கு ஆள் சேர்ப்பது என் பகுதிநேரத் தொழில். இதில் உள்ள ஒரே வசதி, கேமரன் மலை முழுக்கத் தேடினாலும் எனக்குப் போட்டியாளர் கிடையாது.

மற்ற நாள்களில் நான் தானா ராத்தாவில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளுக்கு முத்திரை குத்துகிறவன். விடுமுறை வந்தால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மலை இறங்கிவிடுவேன். சொந்தக்காரர்களைப் பினாங்குக்கோ லங்காவிக்கோ கூட்டிப்போய், "இதுக்குத்தான் இவ்வளவு தூரமா?" என்று கேட்கப்பட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நாம் ஒரே கட்சி. ஆகவே தயங்காமல் சொல்கிறேன்.

அறுபது இலை

ரிங்லெட் பஸ் நிறுத்தத்துப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாக்கியம் அக்கா ஒரு திங்கட்கிழமை என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் பாரம் எதுவும் இல்லை, முகத்தில் இருந்தது. எஸ்டேட் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், வீட்டு நிச்சயதார்த்தச் சாப்பாடு அவருக்குக் கிடைத்திருந்தது. அறுபது பேர், ஆறு மேசை. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டியே பத்து வருடம் ஓட்டியவருக்கு முதல் பெரிய விருந்து. இது நன்றாக அமைந்தால் எஸ்டேட்டில் நடக்கும் விசேஷம் எல்லாம் இனி அவர் அடுப்பில்தான். அமையாவிட்டால் பொட்டலம்தான், கடைசிவரை.

சிக்கல் மாப்பிள்ளை வீட்டார். கடற்கரை ஊர்க்காரர்கள். பையனின் அப்பா முப்பது வருடம் மீன் மார்க்கெட்டில் கடை போட்டவர். அவர்களுக்குக் கெராப்பு மீன்கறி போடுவதாக அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார். கெராப்பு என்பது கடலடிப் பாறைப் பொந்தில் வாழும் பெருவாயன். தமிழ்நாட்டில் களவா என்பார்கள். மீன் போடுகிறவரோ கடைசி நேரத்தில், வளர்ப்புக் குட்டைக் குஞ்சுதான் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்து. நான் பாறை மீன்களின் இயல்பு, அவை வாழும் ஆழம், நிலவுக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள உறவு என்று ஆரம்பித்தேன். அக்கா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சொன்னார்: "அதெல்லாம் சரி சார். படகு என்னைக்கி போவுது?"

வளைவு மன்னன்

இதுவரை நான் ஆள் கூட்டிப்போனதெல்லாம் பேராக் கரைக்கு. அரை நாள் வேலை, விரல் நீள மீன். பெரிய கெராப்பு வேண்டுமென்றால் கிழக்கே ரொம்பின் பக்கம் தென்சீனக் கடலுக்குப் போக வேண்டும் என்று படித்திருந்தேன். படித்திருந்தேன், அவ்வளவுதான். புத்தகத்தில் எனக்குத் தெரியாத கடல் கிடையாது. நேரில் அந்தக் கடலுக்கும் எனக்கும் அறிமுகமே இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை விடியும்போதே வேன் கிளம்பியது. அக்கா, நான், கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் போடும் மணியம், வண்டி ஓட்ட காய்கறி லோரி கணேசன். நாலு பேரும் ஸ்வெட்டர். சுங்கை கோயான் வழியாக இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழன்று, ரொம்பினில் மூட்டையாகிவிட்டது. வழி முழுக்கக் கணேசன் தன் வயிற்றின் புகழ் பாடினான். தாப்பா ரோட்டு வளைவுகளில் பதினைந்து வருடம் லோரி ஓட்டியவனுக்குக் கடலாட்டம் ஒரு ஆட்டமா என்று கேட்டான். தலைசுற்றலுக்குக் காரணம் வயிறல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு என்றும், ஓட்டுகிறவனுக்கு வளைவு முன்கூட்டியே தெரிவதால்தான் அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை என்றும் விளக்கினேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அன்று மாலையே படகு ஆற்று முகத்தைத் தாண்டி முதல் அலையில் ஏறி இறங்கியது. இரண்டாவது அலைக்குக் கணேசனைக் காணோம். பின்பக்கம் தேடிப் போனால், கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அலையைச் சுட்டிக் காட்டி, கண்ணில் நீர் வழியச் சொன்னான்: "சார், இதுக்கு பிரேக் எங்க சார் இருக்கு?"

துண்டு போர்த்திய பெட்டி

படகின் தலைவரைத் தெக்கோங் என்பார்கள். எங்கள் தெக்கோங், பாக் மாட், அறுபது வயது மலாய்க்காரர். நான் ஏதாவது விளக்கிக்கொண்டே இருந்ததால் என்னை ஆசிரியர் என்றே முடிவுகட்டி, 'சிக்கு' என்று கூப்பிட்டார். நான் மறுக்கவில்லை. அதுவும் ஒரு மரியாதைதானே.

கடல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. இதில் எந்த இடத்துக்குக் கீழே பாறை என்று எப்படித் தெரியும்? பாக் மாட்டிடம் இடங்காட்டிக் கருவி ஒன்று இருந்தது. அதன் திரை மேல் எப்போதும் ஒரு துண்டு. பொந்துகளின் கணக்கு அதற்குள்தான். தன் அப்பா சொன்னது, தான் கண்டுபிடித்தது, எல்லாமே. துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தூசி துடைக்க வந்தவர் போல் உடனே மறுபடி போர்த்திவிடுவார். எனக்கு அறிவுப் பசி. அவர் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, துண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து மலாயில் சாந்தமான குரல் வந்தது: "சிக்கு, அதுல இருக்கிறது என் பெண்டாட்டிக்கே தெரியாது. உங்களுக்குச் சொல்லணும்னா முதல்ல அவளுக்குச் சொல்லணும்."

விறைப்பாகப் பிடியுங்கள்

கடலடித் தூண்டில் எளிய கலை. நைலான் கயிறு, கனத்த ஈயக்குண்டு, கொக்கி, அதில் ஒரு கணவாய்த் துண்டு. ஐம்பது அறுபது மீட்டர் கீழே இறக்கி, குண்டு தரையைத் தட்டியதும் ஒரு முழம் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் மீனின் விருப்பம். நான் மூவரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். முக்கிய விதி ஒன்றை மூன்று தடவை சொன்னேன்: கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும், தளர்த்தினால் மீன் போயிற்று.

வெள்ளிக்கிழமை முழுக்க விறைப்பாகப் பிடித்தோம். உள்ளங்கை அகல மீன்கள் பத்துப் பதினைந்து வந்தன. மணியம் ஒரு பாறையை வெற்றிகரமாகப் பிடித்தார். அது வரவில்லை, கயிறுதான் போனது. சனிக்கிழமை காலை வேறு பொந்துக்கு மாறினோம். நங்கூரம் போட்ட ஐந்தாவது நிமிடம் மணியத்தின் கை கீழே போயிற்று. "வந்துருச்சுலா! வந்துருச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் கணேசன் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். ஈக்கான் மேரா, மலாயில் சிவப்பு மீன், பெயருக்கேற்ற நிறம், இரண்டு கிலோ தேறும். அடுத்து எனக்கொன்று. மறுபடி மணியத்துக்கு. மூன்று சிவப்பு மீன்களும் பலகையில் துள்ள, நான் நாற்பத்தேழு வயதில் முதல் முறையாகக் கைதட்டிக் குதித்தேன். பாக்கியம் அக்கா குதிக்கவில்லை. மூன்றையும் எண்ணிப் பார்த்தார். மனசுக்குள் துண்டு போட்டுப் பார்த்தார். "மூணு மேசைக்கு வரும் சார். மத்த மூணு மேசைக்கு நீங்க வந்து பேசிக்கிட்டு இருக்கிறீங்களா?"

நடந்த உரல்

பதினோரு மணிக்குத் திரும்பியாக வேண்டும். பத்தரைக்கு மேல் எதுவும் கடிக்கவில்லை. அக்கா ஒரு கையில் கயிற்றோடு மறு கையால் எங்களுக்குச் சோறு பொங்கி, மிளகாய்ச் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் கயிறு இழுபட்டு, பின் அசையாமல் நின்றது. இழுத்தார். கல் மாதிரி இருந்தது. நான் வாங்கி இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னேன்: பாறை. அறுத்துவிடலாம். பாக் மாட் இயந்திர அறைக்குப் போய்விட்டார். மணியம் கத்தியை நீட்டினார்.

அக்கா அறுக்க விடவில்லை. "இருங்க, சம்பல் கருகுது" என்றார். சம்பல் கிளற அவருக்கு இரண்டு கையும் வேண்டும். கயிற்றை நாலு முழம் தாராளமாக வெளியே விட்டு, மிச்சத்தின் மேல் சம்பல் இடிக்கும் கல்லுரலைத் தூக்கி வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூன்று தடவை சொன்ன விதி நாலு முழம் தொங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடிய கண்ணை ஒரு சத்தம் திறந்தது. கர்ரென்று கல் பலகையில் உராயும் சத்தம். உரல் நடந்துகொண்டிருந்தது. ஒரு சாண், நின்றது, இன்னொரு சாண். "அக்கா, உரலு!" என்று கணேசன் அலறினான். அக்கா கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். பாக் மாட் உள்ளிருந்து ஓடிவந்து, "பொந்தை விட்டு வெளியே வந்திருச்சு! இழு, இழு, மறுபடி உள்ள போக விடாதே!" என்று கத்தினார். மணியம் கோஸ் வெட்டும் கையுறையை அக்கா கையில் மாட்டினார். அக்கா இழுக்க, அக்காவின் இடுப்பு வாரை நான் இழுக்க, என் சட்டையைக் கணேசன் இழுக்க, முதல் பத்து மீட்டர் யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் பாரம் மெல்ல லேசாயிற்று. கடலடி அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் காற்றுப்பை உப்பி மீனை அதுவே மேலே தூக்கும். அதை அப்போதே சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. பச்சைத் தண்ணீருக்குள் முதலில் ஒரு பழுப்பு நிழல், பிறகு ஒரு வாய். என் தலை உள்ளே போகும், அப்படி ஒரு வாய்.

நாலு பேரும் பலகையில் மல்லாந்து கிடந்து சிரித்தோம். "இருபது கிலோ" என்றார் மணியம். கோஸ் மூட்டை தூக்கும் கைக்குத் தராசு வேண்டாமாம். கரையில் நிறுத்தபோது இருபதுக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. கெராப்பு எல்லாம் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்த பிறகு ஆணாக மாறும், ஆகவே இவ்வளவு பெரியது பெரும்பாலும் ஆணாகத்தான் இருக்கும் என்றேன். "அப்ப மாப்பிள்ளை வீட்டு ஆளுதான், மரியாதையா தூக்குங்க" என்றார் அக்கா. கடித்த கெராப்பு பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்து அடைத்துக்கொள்ளும். கயிற்றைத் தளர்த்தி, அதை நம்பவைத்து வெளியே வரவழைப்பதுதான் இந்தக் கடலின் வழக்கமாம். பாக் மாட் இதைச் சொல்லி முடித்து, சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார்: "சிக்கு, உங்க புத்தகத்துல சம்பல் பாடமே வைக்கலையா?"

மூச்சு விடும் பெட்டி

மீனை முழுசாகத்தான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அக்கா பிடிவாதம். மாப்பிள்ளையின் அப்பா கண்ணையும் செவுளையும் பார்க்காமல் நம்ப மாட்டாராம். படகுத்துறையில் ஐஸ் வாங்கினோம். பெட்டிகள் மணியத்தின் பொறுப்பு. நாலு வெள்ளை நுரைப்பெட்டிகளைப் பெருமையோடு இறக்கினார். ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு இரண்டு துளை. மலையில் யார் பெட்டி வாங்கினாலும் முதல் வேலை துளை போடுவதுதான். காய்கறி மூச்சு விட வேண்டுமே. மூடிகளை மட்டும் விட்டுவைத்திருந்தார். வெயில் சுட்டது. உள்ளே கொட்டிய ஐஸின் குளிர்ச்சி புகையாக முப்பத்திரண்டு மூக்கு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஏழு மணி நேரம்.

அக்கா ஒரு துளைக்குள் விரலை விட்டு மறுபக்கம் ஆட்டிக் காட்டினார். அது திட்டுவதைவிட மோசம். மணியம் அங்குமிங்கும் பார்த்தார். மலையிலிருந்து இறங்கும் எவரும் ஒரு பை காய்கறி இல்லாமல் யார் வீட்டுக்கும் போவதில்லை. பாக் மாட்டுக்கும் முட்டைக்கோஸும் காரட்டும் கொண்டுவந்து கொடுத்திருந்தோம். மணியம் அந்தப் பையைப் பாய்ந்து பிடுங்கினார். ஒவ்வொரு துளையிலும் ஒரு காரட்டைத் திருகி, தலையை ஒடித்தார். அச்சாகப் பொருந்தியது. இரண்டு பெட்டிகளின் நடுச் சுவரை வெட்டி ஒன்றாக்கி, கெராப்பைப் படுக்கவைத்து, ஐஸ் கொட்டி ஒட்டினோம். கோஸ் மட்டும் மிஞ்சிய பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பாக் மாட் கேட்டார்: "கோஸாவது எனக்குத்தானே, இல்ல அதுக்கும் எங்கயாவது ஓட்டை இருக்கா?"

எந்தக் கடல்?

ஞாயிறு காலை ரிங்லெட் மண்டபத்துச் சமையல்கட்டில் கெராப்பு மேசையை நிறைத்துக் கிடந்தது. ஒன்பது மணிக்கே மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வேட்டி. செவுளைத் தூக்கினார். ரத்தச் சிவப்பு. கட்டைவிரலால் முதுகை அழுத்தினார். சதை திரும்பி எழுந்தது. குனிந்து கண்ணைப் பார்த்தார். அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றார். நான் வாய் திறக்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். "எந்தக் கடல்?" என்றார். அக்கா சொன்னார். "யாரு இழுத்தது?" அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கையுறையையும் மீறிக் கயிறு போட்ட சிவப்புக் கோடு இரண்டு கையிலும் இருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

விருந்து முடியும்வரை அவர் தீர்ப்புக்காக நாங்கள் மூவரும் மண்டபத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கணேசன் மட்டும் இரண்டு பந்தியில் சாப்பிட்டான். கடைசியில் அக்கா மண்டபத்திலிருந்து சமையல்கட்டுக்கு ஓட்டமாக வந்தார். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில், கடற்கரையில். அறுபது வீட்டில் மீன்காரர்கள் இருக்கும் அந்த ஊருக்கு மீன்கறி வைக்க இந்த அம்மாதான் வர வேண்டும் என்று பெரியவர் கைகழுவும் இடத்திலேயே சொல்லிவிட்டாராம். அக்காவுக்கு மூச்சு வாங்கியது, கண் பளபளத்தது, என் கையை அவர் பிடித்த பிடியில் கெராப்பின் நிலைமை எனக்குப் புரிந்தது: "ஆயிரம் பேரு சார்! சரின்னுட்டேன். எத்தனை படகு எடுக்கலாம், சீக்கிரம் சொல்லுங்க!"

வெறுங்கையோடு திரும்பியவனை ஊர் ஒரு வாரத்தில் மன்னித்துவிடும். மீனோடு திரும்பியவனைத்தான், நண்பர்களே, அது ஒருநாளும் விடுவதில்லை.