மாடி வீட்டுத் தலைக்கட்டு

இந்த வருஷமும் எங்கள் தெரு அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாயிற்று. வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்துக் கட்டிய கயிற்றைப் பூசாரி கம்பத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே என் கணவர் புலம்பத் தொடங்கிவிட்டார். அவருக்கு வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் வேலை. காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடிகிற வரைக்கும் தெருக்காரர்கள் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படுக்க வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எங்கள் பழங்காநத்தத்தில் எத்தனையோ மாறிவிட்டது, பாதிப் பேர் பிழைப்புக்கு எங்கெங்கோ அலைகிறார்கள், ஆனால் இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறுவதில்லை. இதில் பக்தி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. அந்தக் கம்பத்தைப் பார்த்தாலே எனக்கு டாக்டரம்மா ஞாபகம்தான் வரும்.

அவர் கென்யாக்காரர். கண் மருத்துவமனை ஒன்றில் இரண்டு வருஷப் பயிற்சிக்காக மதுரைக்கு வந்து எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். வீட்டை வாடகைக்கு விடும்போது என் மாமியாருக்கு, அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அரை மனசுதான். சமையல் வாசனை எப்படி இருக்குமோ என்று கவலைப்பட்டார். வந்த வாரமே எங்கள் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு டாக்டரம்மாதான் ஜன்னலைச் சாத்தினார். தெருவும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. பெண்கள், தலைப்பின்னல் அசல் முடிதானா என்று தொட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பொறுமையாக இருந்தார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒருநாள், தொட்டவளின் சடையைத் திருப்பி இழுத்து, "இது அசலா?" என்று கேட்டுவிட்டார். அதோடு அந்தத் தொல்லை விட்டது. கொஞ்ச மாதத்தில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணிதானா?" என்று மற்றவர்களோடு சேர்ந்து சத்தம் போடும் அளவுக்குத் தமிழ் வந்தது. அத்தையை அவரும் அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

பொங்கல் நெருங்கியதும் கோயில் கமிட்டி அண்ணன் தலைக்கட்டு வரிக்கு வந்தார். ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு; வரி கொடுத்தால்தான் அந்த வீடு தெருக்கணக்கில் சேர்த்தி. எங்களிடம் வாங்கிக்கொண்டு கிளம்பியவரை மாடியிலிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார்.

"அண்ணே, எங்க வீடு?"

"நீங்க வெளிநாடும்மா. ஒங்களுக்கு எதுக்கு?"

"நானும் இந்தத் தெருவுலதான தண்ணி பிடிக்கிறேன்?"

அண்ணன் திரும்பி மாடிப்படி ஏறினார். வாங்கிக்கொண்டார். டாக்டரம்மாவுக்கு அன்று பூராவும் வாயெல்லாம் பல்.

காப்புக் கட்டிய மறுநாள் காலையில் அவர் தம்பியிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முகம் பார்க்க வேண்டுமென்றால் உடனே புறப்படு என்றாராம். சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு, பையோடு இறங்கிவந்து அத்தை முன்னால் நின்றார். "அத்தை, காப்புக் கட்டியாச்சு. நான் எப்படிப் போறது?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்து வந்த கமிட்டி அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார்: "தாராளமாப் போங்க டாக்டரம்மா. வெளியாளுகளுக்குக் கட்டுப்பாடு கெடையாது."

டாக்டரம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப எங்கிட்ட ஏன் வரி வாங்குனீங்க?"

எனக்கு எரிச்சல்கூட வந்தது. அம்மா அங்கே அப்படிக் கிடக்கும்போது இப்போது இதுவா பேச்சு, விட்டால் போதும் என்று கிளம்ப வேண்டியதுதானே என்று நினைத்தேன். அத்தைக்குத்தான் புரிந்தது. "அவ வெளியாளு இல்லப்பா. நம்ம பிள்ளைகளுக்கு ஒரு அவசரம்னா என்ன செய்வமோ அதச் செய்வம்" என்று சொல்லி, டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பூசாரி அம்மனிடம் உத்தரவு கேட்டுத் திருநீறு பூசினார். டாக்டரம்மா கழுத்தில் சிலுவை கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "வீட்டுக்கு யாரு?" என்றார் பூசாரி. இப்படி உத்தரவு வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் அவர்களுக்குப் பதிலாக ஒருவர் படுக்க வேண்டும். "நான் படுத்துக்கிறேன்" என்றார் அத்தை.

முழங்கால் வலியால் அத்தை மாடிப்படி ஏறி வருஷக்கணக்காகியிருந்தது. பொங்கல் முடிகிறவரை தினமும் பாதிப்படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏறினார். நான் படுக்கிறேன் என்றால் கேட்டால்தானே. "வாய்விட்டுச் சொன்னது நான்தான?" என்பார். எனக்கு அவர்மேல் அதுவரை இருந்த மனத்தாங்கலெல்லாம் அந்த நாட்களில் குறைந்துபோனது என்பதையும் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மா ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு உயிர் இருந்ததாம், பேச்சு இல்லையாம். அடக்கம் முடித்து மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். ஆட்டோ வந்து நின்றதுதான் தாமதம், தெருப் பெண்கள் ஒவ்வொருவராக மாடி ஏறினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. துக்கம் கேட்கப் போவதற்குக் கூப்பிட வேண்டியதில்லை. உள்ளே இடமில்லாமல் கமிட்டி அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை பேரைப் பார்த்ததும் டாக்டரம்மா பதறிப்போய் டீ போட எழுந்தார். அத்தை தோளைப் பிடித்து அழுத்தினார். "ஒக்காரு. இன்னைக்கு ஒன் வீட்டுல நாங்கதான் அடுப்புப் பத்த வைக்கணும்."

பிறகு, "அம்மா எப்பிடி இருப்பாக?" என்று கேட்டார். டாக்டரம்மா போனில் படத்தை எடுத்துக் கொடுத்தார். பூப்போட்ட கவுன் போட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓர் அம்மா. போன் கைமாறிக் கைமாறி அத்தையிடம் திரும்பி வந்தது. அத்தை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேரில் இருப்பவரிடம் பேசுவதுபோலவே பேசினார். "ஒம் மக எங்ககிட்டத்தான் இருக்கா தாயி. நீ நிம்மதியாப் போ."

அடக்கத்தின்போதுகூட அழாமல் நின்றாராம் டாக்டரம்மா. அதைக் கேட்டதும் அத்தை மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தன் பாஷையில் என்னென்னவோ சொல்லி அழுதார். எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எல்லாரும் அழுதோம்.